இரண்டு யே

வாப்பாவின் பெயர் முஹ்யித்தீன். காயல்பட்டினத்தில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. மைதீன் என்பார்கள். ரேஷன் கார்டில் முகைதீன், வாக்காளர் அட்டையில் மொய்தீன், பள்ளிச் சான்றிதழில் முகியத்தீன். எப்படி எழுதினாலும் ஊருக்கு ஆள் தெரியும் என்பதால் யாரும் இதைப் பொருட்படுத்தியதில்லை.

அப்புறம் அவர் பிழைப்புக்காக வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனார். பாஸ்போர்ட்டில் அவர் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது: எம், ஓ, எச், ஐ, டி, இ, இ, என். அங்கே குடியிருப்பு அட்டை கொடுத்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து அரபியில் எழுதியிருக்கிறார். ஓவுக்கு ஒரு வாவ், எச்சுக்கு மெல்லிய ஹே, ஐக்கு ஒரு யே, டிக்கு தால், இரண்டு இக்கும் சேர்த்து இன்னொரு யே, கடைசியில் நூன். மீமோடு சேர்த்து ஏழு எழுத்து.

நான் அப்போது ஓதுற பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அரபி பேசத் தெரியாது, ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். வாப்பா விடுமுறையில் வந்தபோது அந்த அட்டையை வாங்கி வாசித்தேன். மூஹீதீன் என்று வந்தது. வாப்பா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்: "இது நம்ம பேரு இல்ல வாப்பா. நம்ம பேருல ரெண்டு யே பக்கத்துல பக்கத்துல வரும். தீனுக்கு முன்னால அலிஃப் லாம் வரும்."

அவர் பெயர் அரபியில் ஒன்பது எழுத்து. மீம், தொண்டையிலிருந்து வரும் ஹே, யே, யே. அப்புறம் அலிஃப், லாம், தால், யே, நூன். மார்க்கத்துக்கு உயிர் கொடுப்பவர் என்று பொருள். அந்த 'உயிர்' இருப்பதே தொண்டை ஹேயிலும் இரண்டு யேயிலும்தான். மெல்லிய ஹே போட்டு ஒரு யேயை எடுத்துவிட்டால் அரபியில் அதற்குப் பொருளே கிடையாது. அரபியிலிருந்து தமிழுக்கு வந்து, தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்குப் போய், அங்கிருந்து அரபிக்கே திரும்பிய ஒரு பெயர், தன் வீட்டு வாசலில் அடையாளம் தெரியாமல் நின்றது. பல வருடம் அவர் அந்த அட்டையைத்தான் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

இன்று பெங்களூரில் நான் செய்யும் வேலை இந்தப் பெயர்களைச் சுற்றித்தான். மருத்துவமனைகளுக்கான பதிவு மென்பொருள் எழுதுகிறோம். ஏமன், ஓமன், ஈராக் பக்கமிருந்து சிகிச்சைக்காக நிறையப் பேர் இந்த ஊருக்கு வருகிறார்கள். அவர்கள் பெயர் எந்த எழுத்தில் வந்தாலும் கணினிக்குள் சரியாகப் போக வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும், அச்சடித்தால் அவர்களே வாசிக்கும்படி இருக்க வேண்டும். மூன்றும் மூன்று தனி வேலைகள் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

அதைப் புரியவைத்தது ஒரு ஏமன் சிறுவன். ஏழு வயது இருக்கும். பெயர் அம்ர். பதிவு கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் அடித்தார்கள், சரியாகவே போனது. ரத்தப் பரிசோதனை கவுன்ட்டரில் பாஸ்போர்ட் கையில் இல்லை. அப்பா ஒரு துண்டுச் சீட்டில் பையனின் பெயரை அரபியில் எழுதிக் கொடுத்தார். அங்கே வேலை பார்த்த இளைஞனுக்கு உருது தெரியும். ஐன், மீம், ரே, வாவ் என்று நான்கு எழுத்தைப் பார்த்தான். முதல் மூன்றும் சேர்ந்தால் உமர். கடைசி வாவ் கை தவறி விழுந்தது என்று நினைத்து உமர் என்றே பதிந்துவிட்டான். மென்பொருள் புதிய ஆள் என்று புதிய எண் கொடுத்தது. மறுநாள் காலை டாக்டர் பார்த்தபோது அம்ர் என்ற நோயாளிக்கு ரத்த அறிக்கையே இல்லை. குழந்தைக்கு இரண்டாம் முறை ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். மொழிபெயர்ப்பாளர் வர நேரமானதால் பையனின் அப்பா பில்லின் பின்பக்கத்தில் இரண்டு சொல் எழுதிக் காட்டினார். ஒன்று மூன்றெழுத்து, இன்னொன்று நான்கெழுத்து. மூன்றெழுத்தைத் தொட்டு "உமர்" என்றார். நான்கெழுத்தைத் தொட்டு "அம்ர்" என்றார். அப்புறம் அந்தக் கடைசி வாவின் மேல் விரலை வைத்து, உதட்டை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். எழுத வேண்டும், சொல்லக் கூடாது.

அரபியில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. உமரும் அம்ரும் எழுத்தில் ஒரே மூன்று மெய்கள்தான். இரண்டு பெயரும் குழம்பக் கூடாது என்றுதான் அம்ருக்கு மட்டும் பேசாத ஒரு வாவைச் சேர்த்து எழுதும் வழக்கம் பழங்காலத்திலேயே வந்துவிட்டது. அந்த வாவ் ஒரு சத்தத்துக்காக இல்லை. 'நான் உமர் இல்லை' என்று சொல்வதற்காக நிற்கிறது. அதை அந்தக் கவுன்ட்டர் இளைஞன் மட்டும் தூக்கிப் போடவில்லை. எங்கள் மென்பொருளும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றியதும் அரபி வடிவத்தை மறந்துவிடும். டேட்டாபேஸில் அதற்கென்று ஒரு பத்திகூடக் கிடையாது.

எழுத்து மாற்றுவது என்று நாம் ஒரே வாயில் சொல்வதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று ஒலிபெயர்ப்பு: காதில் விழுவதை இன்னொரு எழுத்தில் எழுதுவது. அதில் அம்ருடைய வாவ் வராது, வரவும் கூடாது. இன்னொன்று எழுத்துப்பெயர்ப்பு: எழுத்துக்கு எழுத்து, ஒன்றுகூட விடாமல், திரும்ப மூலத்துக்கே வர முடிகிற மாதிரி மாற்றுவது. முதலாவது மனிதர்கள் வாசிக்க, இரண்டாவது கணினி வைத்துக்கொள்ள. ஒன்றை வைத்து இன்னொன்றின் வேலையைச் செய்யப் போனால் குழந்தைக்கு இரண்டு ஊசி.

இரண்டாவது வகையில் நான் தினமும் புழங்கியது பக்வால்டர் முறை. டிம் பக்வால்டர் 1990களில் உருவாக்கியது. ஒவ்வொரு அரபி எழுத்துக்கும் சாதாரண ஆங்கில கீபோர்டில் இருக்கும் ஒரே ஒரு குறி. தொண்டை ஹேக்குப் பெரிய எச், மெல்லிய ஹேக்குச் சின்ன எச். ஐனுக்குப் பெரிய இ. ஷீனுக்கு டாலர் குறி, தாலுக்குப் புள்ளி வைத்தால் வரும் எழுத்துக்கு நட்சத்திரக் குறி. பார்க்க அழகாக இருக்காது, வாய்விட்டு வாசிக்கவும் முடியாது. ஆனால் வாப்பாவின் பெயரை அதில் போட்டால் ஒன்பது குறி வரும், அந்த ஒன்பதிலிருந்து அதே ஒன்பது அரபி எழுத்து திரும்பக் கிடைக்கும். ஒரே தொல்லை, ஹம்ஸா என்ற அரபிக் குறி வரும் சில வடிவங்களுக்கு அவர் சிறியது, பெரியது என்ற கணக்குக் குறிகளையும் 'அண்ட்' குறியையும் எடுத்துக்கொண்டார். வலைப்பக்கத்துக்கான மொழியில் அந்தக் குறிகளுக்கு வேறு வேலை இருக்கிறது. நாங்கள் அந்த இடங்களில் மட்டும் மாற்றுக் குறி போட்டுக்கொண்டோம்.

பாஸ்போர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். படப் பக்கத்தின் அடியில் எந்திரம் வாசிப்பதற்காக இரண்டு வரி இருக்குமே, ஒவ்வொன்றும் 44 இடம். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து 26, எண்கள் 10, இடம் நிரப்பும் ஒரு குறி, இவ்வளவுதான் அனுமதி. உலகத்தில் எந்த மொழிப் பெயராக இருந்தாலும் அந்த 26 எழுத்து வழியாகத்தான் நுழைந்து வர வேண்டும். எல்லை தாண்ட அது போதும். ஆளின் பெயரே அதுதான் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களோடுதான் எனக்குச் சண்டை.

அடுத்தது கைப்பட்டை. நோயாளியின் மணிக்கட்டில் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. ஆங்கிலப் பெயருக்குக் கீழே அரபியிலும் அச்சடிக்கலாம் என்று முடிவானபோது நான்தான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். முதல் பட்டை வெளியே வந்தது. எழுத்து எல்லாம் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக நின்றது. தமிழில் சொன்னால் 'முருகன்' என்பதை ன், க, ரு, மு என்று இடைவெளி விட்டு எழுதிய மாதிரி.

அரபி எழுத்து கூட்டுக் குடும்பத்து எழுத்து. பெரும்பாலானவற்றுக்குச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று, தனியாக நின்றால் ஒன்று. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்தான் கொடுத்திருக்கிறது. எந்த இடத்தில் எந்த உருவம் என்பதை அச்சடிக்கும் நேரத்தில் எழுத்துருவும் அதோடு வேலை செய்யும் மென்பொருளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஹார்ஃபஸ் என்ற திறந்தமூல மென்பொருள்தான் இன்று பல இடங்களில் இதைச் செய்கிறது. அதேபோல் எழுத்துகள் வாயில் வரும் வரிசையிலேயே சேமிக்கப்படும், வலமிருந்து இடமாகக் காட்டுவது தனி வேலை. நடுவில் ஓர் எண் வந்தால் அந்த எண் மட்டும் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். நமக்கு இது புதுசு இல்லை. 'கெ' எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, கணினிக்குள் ககரத்துக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

எங்கள் பிரின்டருக்கு இந்த இரண்டு அறிவுமே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், எனக்கு முன்னால் இருந்த ஒருவர் வேறொரு ரிப்போர்ட்டுக்காக ஒரு குறுக்கு வழி செய்து வைத்திருந்தார். யூனிகோடில் பழைய கணினிகளுக்காக அந்த நான்கு உருவங்களையும் தனித்தனி எண்ணாகவும் வைத்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு பெயரையும் அந்த உருவ எண்களாக மாற்றி, தலைகீழாகத் திருப்பி, பிரின்டருக்கு அனுப்பினார். காகிதத்தில் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் திருப்பிய அதே எழுத்து வரிசையை டேட்டாபேஸிலும் சேமித்துவிட்டார். கண்ணுக்குப் பெயர் தெரியும், தேடினால் கிடைக்காது. அந்தப் பதிவுகளைத் திருத்த எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

சரி, அதையும் திருத்தியாகிவிட்டது, இனிமேல் தேடினால் எல்லாம் கிடைக்கும் என்று நம்பினேன். கரீம் கிடைக்கவில்லை. திரையில் கரீம் இருக்கிறார், தேடல் பெட்டியிலும் கரீம் என்றே அடிக்கிறேன், அப்படி யாரும் இல்லை என்கிறது.

சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். வாணியம்பாடிக்காரர். உருது, தமிழ், கன்னடம், ஆங்கிலம் நான்கிலும் பத்திரிகை அடிப்பார். நான் குடியிருப்பது பக்கத்தில்தான், மாலையில் அவர் கடைப் பலகையில் உட்கார்ந்து டீ குடிப்பது வழக்கம். அவர் இன்னும் இன்பேஜில்தான் உருது அடிக்கிறார். 1994இல் டெல்லியில் உருவான மென்பொருள், உருதுப் பத்திரிகை உலகமே அதில்தான் ஓடியது. நம் ஊரில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் ஒரு ஃபாண்ட், ஒரு என்கோடிங் என்று இருந்த காலத்தைப் போல, பழைய இன்பேஜ் கோப்புகளும் அதன் சொந்த எண்களில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பதே தனித் தொழில்.

அவரிடம் கரீம் கதையைச் சொன்னேன்.

"எந்தக் கீபோர்டுல அடிச்சீங்க தம்பி?"

"பதிவு பண்ணினது உருது கீபோர்டு பாய். நான் தேடுறது அரபி."

"அப்ப காஃபும் வேற, யேயும் வேற. நம்ம காஃபு அவங்க காஃபு இல்ல."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். தனியாக எழுதினால் அரபி காஃபின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், உருது காஃபுக்கு இருக்காது. கடைசியில் வரும் அரபி யேக்கு அடியில் இரண்டு புள்ளி, உருது யேக்குப் புள்ளி கிடையாது. ஆனால் கரீம் என்ற சொல்லில் காஃப் முதலிலும் யே நடுவிலும் வருகின்றன. அந்த இடங்களில் இரண்டு மொழிக்கும் உருவம் ஒன்றுதான். கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. யூனிகோடில் அரபி காஃப் 1603, உருது காஃப் 1705. அரபி யே 1610, உருது யே 1740. நான்கெழுத்துப் பெயரில் இரண்டு எழுத்து வேறு வேறு வீட்டு எண்ணில் இருந்தால் எப்படிக் கிடைக்கும்?

தமிழிலும் இதே வம்பு உண்டு. 'ஔவை'யை ஒகரமும் ளகரமும் போட்டு அடிப்பவர்கள் எத்தனை பேர். அச்சில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, தேடினால் பாட்டி கிடைக்க மாட்டாள்.

தேடலுக்கு மட்டும் இவற்றை ஒன்றாக்கும் ஒரு நிழல் பத்தியை வைத்தேன். மூலப் பெயரில் கை வைக்கவில்லை. உருதுவில் எழுதியவரின் யே அவருடைய யேதான். அதை 'சரி' செய்ய எனக்கு உரிமை கிடையாது.

கொரிய மொழி என் மேஜைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. சியோலில் இருக்கும் ஒரு கூட்டாளி நிறுவனம் அனுப்பும் கோப்புகளை வாங்கிப் பெயர் வாரியாக அடுக்க வேண்டும். அங்கிருந்து ஒரு பெண் பொறியாளர் மூன்று மாதம் எங்களோடு வந்து வேலை செய்தார். முதல் வாரமே கோப்புகளின் பெயர்கள் உடைந்து வந்தன. கொரிய எழுத்து ஓர் அசையை ஒரு சதுரத்துக்குள் கட்டி வைக்கும். கிம் என்றால் க், இ, ம் மூன்றும் ஒரே பெட்டிக்குள் உட்காரும். எங்கள் திரையில் பெட்டி பிரிந்து மூன்றும் வரிசையாகக் கிடந்தன.

அவர் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினார். கொரிய அசையில் முதலில் வரக்கூடிய மெய்கள் 19. உயிர்கள் 21. முடிவில் வரும் மெய்கள், எதுவும் இல்லாமலிருப்பதையும் சேர்த்து 28. பெருக்கினால் 11,172. அத்தனை அசைக்கும் யூனிகோடில் 44032 என்ற எண்ணில் தொடங்கி வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சுழியத்திலிருந்து எண்ணினால் ககர மெய் 0, இகரம் 20, முடிவு மகரம் 16. முதல் எண்ணை 21ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டு: 20. அதை 28ஆல் பெருக்கி முடிவு மெய்யைக் கூட்டு: 576. 44032ஐச் சேர்த்தால் 44608. அதுதான் கிம். திரும்ப வரவும் வகுத்தால் போதும், பட்டியல் எதுவும் தேவையில்லை. நான் அன்று மாலை முழுக்க எங்கள் தெருப் பெயர்களையெல்லாம் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உடைந்து வந்ததன் காரணமும் அதே தாளில் இருந்தது. கிம்மை 44608 என்ற ஒரே எண்ணாகவும் வைக்கலாம், 4352, 4469, 4535 என்று மூன்று உறுப்பாகவும் வைக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது. மேக் கணினியில் சேமித்த கோப்புப் பெயர்கள் பல சமயம் உறுப்பு உறுப்பாக வெளியே வரும், மற்ற கணினிகள் சில அதைக் கட்டத் தெரியாமல் அப்படியே பரப்பிவிடும். தமிழில் 'கொ'வை ககரமும் ஒரே ஒகரக் குறியுமாக இரண்டு எண்ணில் வைக்கலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்று எண்ணிலும் வைக்கலாம், இரண்டும் சமம். உள்ளே வாங்கும்போதே கட்டிய வடிவத்துக்கு மாற்றிவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். கொரியப் பெயர்களும் சரியாயின, கூடவே எங்கள் தமிழ்ப் பெயர்களில் இருந்த சில பழைய குழப்பங்களும் போயின.

இந்த 11,172 சும்மா வந்துவிடவில்லை. 1987இல் வந்த கொரியத் தரத்தில் அதிகம் புழங்குகிற 2,350 அசைகளுக்கு மட்டும்தான் இடம் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத அசை பெயரில் இருந்தால், அந்தப் பெயர் கணினியில் ஏறாது. பின்னால் மைக்ரோசாஃப்ட் மீதி 8,822ஐயும் கிடைத்த இடுக்குகளில் சேர்த்தது, அதனால் அகர வரிசை குலைந்தது. யூனிகோடின் 1.1 பதிப்பில் 6,656 அசைகள் இருந்தன. 1996இல் வந்த 2.0 பதிப்பில் அவற்றை அங்கிருந்து மொத்தமாக எடுத்து, 11,172ஐயும் புதிய இடத்தில் முறையாக வைத்தார்கள். காலியான பழைய வீடுகளில் பிறகு சீன எழுத்துகள் குடியேறின. பழைய முறையில் சேமித்த கொரியக் கோப்பை இன்று திறந்தால் சம்பந்தமில்லாத சீன எழுத்துகள் தெரியும். அந்தக் கஷ்டத்துக்குப் பிறகுதான், ஓர் எழுத்துக்கு ஒரு தடவை எண் கொடுத்துவிட்டால் இனி ஒருபோதும் இடம் மாற்ற மாட்டோம் என்று யூனிகோடு உறுதியான விதியாக்கியது.

தமிழுக்கு 128 இடம், கொரியாவுக்கு 11,172 இடமா என்று கல்லூரி நாட்களில் நானும் கொதித்தவன்தான். 216 உயிர்மெய்க்கும் தனித்தனி எண் வைத்த டேஸ்16 முறையை யூனிகோடோடு சேர்த்து 2010இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தபோது மனசு அந்தப் பக்கம்தான் நின்றது. இன்று அப்படி நினைக்கவில்லை. வீடு மாற்றிய கொரியர்களின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, இருக்கிற முகவரியில் எழுதிக் குவிந்துவிட்ட தமிழை யாரும் தொடக் கூடாது என்றே தோன்றுகிறது.

கொரியப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் கதை அரபியைவிடச் சிக்கல். 2000இல் கொரிய அரசு முறையை மாற்றியது. அதற்கு முன் பரவலாக இருந்தது மெக்யூன், ரைஷவர் இருவரும் 1930களில் வகுத்தது. ஆங்கிலத்தில் Pusan என்று எழுதிய புசான் நகரம் Busan ஆக மாறியது. ஆனால் குடும்பப் பெயர்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நாம் பேப்பரில் பார்க்கும் 'பார்க்' கொரிய எழுத்தில் 'பாக்'தான், அதில் ரகரமே இல்லை. 'லீ' என்பது வெறும் 'ஈ'.

கொரியப் பொறியாளர் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், அவருக்குக் காரணம் புரியவில்லை. தென் கொரியாவில் தங்கள் சொல்லின் தொடக்கத்தில் ர, ல ஒலி வந்தால், இகரம் போன்ற உயிருக்கு முன் விட்டுவிடுவார்கள், மற்ற இடங்களில் நகரமாக்குவார்கள். வட கொரியாவில் அதே பெயர் 'ரி'. நம் மரபிலும் ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வராது. அதனால்தான் இராமன், இலக்குவன், அரங்கன், உலகம். அவர்கள் அந்த எழுத்தை எடுத்தார்கள் அல்லது மாற்றினார்கள், நாம் முன்னால் ஓர் உயிரை நிறுத்தினோம்.

இன்னொன்றும் கண்டேன். கொரியத்தின் ககரம் சொல்லின் முதலில் வல்லொலியாக வரும், இரண்டு உயிருக்கு நடுவில் மெலியும். இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் சொல்லைத் தமிழில் 'கோகி' என்று எழுதினால் போதும். முதல் ககரமும் இரண்டாவது ககரமும் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காகம், மகன், தங்கம் என்று நாம் தினமும் செய்வதுதானே. ஆங்கிலத்தில் இதே வேலைக்கு இரண்டு எழுத்தும் விதிகளும் தேவைப்படுகின்றன. மூச்சோடு வரும் ஒலிகள் நம்மிடம் இல்லை, அது உண்மை. இருந்தாலும் நம் பத்திரிகைகள் கொரியப் பெயர்களை ஆங்கிலம் வழியாக வாங்குவது வீண் சுற்று. ஆங்கிலத்தில் இ, ஓ என்று இரண்டு எழுத்தில் எழுதும் ஒரே உயிரைப் பிரித்து வாசித்ததால்தான் நமக்கு 'சியோல்' கிடைத்தது. கொரியர் வாயில் அது 'சொஉல்' போல இரண்டு அசையாக வரும்.

பதிவு மென்பொருளின் புதிய பதிப்பில் பெயருக்கு நான்கு பத்திகள். அவரவர் எழுத்தில் பெயர், எழுதியபடியே. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆங்கில வடிவம். எழுத்துப்பெயர்ப்பு, கணினிக்காக. தேடலுக்கான நிழல். முதல் பத்தியை எந்தப் புரோகிராமும் திருத்த முடியாதபடி பூட்டியிருக்கிறேன். இடம் வீணாகிறது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஒரு பெயருக்கு ஐம்பது பைட் ஆகும் என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

சோதனைக்காக நான் முதலில் உள்ளிட்ட பெயர் வாப்பாவுடையது. உம்மாவின் உம்மா ஓதி வந்த அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று என்னிடம் இருக்கிறது. தமிழ்ச் சொற்களை அரபி எழுத்தில், அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுதிய புத்தகம். அதன் முதல் பக்கத்தில் வாப்பா இளவயதில் மையால் தன் பெயரை எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தேன். பிரின்டரில் ஒரு கைப்பட்டை எடுத்து, போட்டோ பிடித்து ஊருக்கு அனுப்பினேன்.

உம்மாதான் போனை எடுத்தார். "உங்க வாப்பா கண்ணாடியத் தேடுறாரு, இரு" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் வாப்பாவின் குரல்.

"ரெண்டு யேயும் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் வாப்பா."

"லாம்?"

"அதுவும் இருக்கு."

மெதுவாக எழுத்துக்கூட்டி வாசிப்பது கேட்டது. மீம், ஹே, யே, யே.